சாமி ஆடும் பட்டாணி மூட்டையும்

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு செம்மறிப் பண்ணையில் பதினெட்டு வருடமாக ஆடுகளுக்குத் தீவனம் வைக்கிறேன். படிப்பு ஏழாவதோடு நின்றது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "பட்டாணி வெச்சா குட்டி செத்துப் போயிருமாக்கா?" என்று கேட்கிறார்கள். முறையாக வைத்தால் சாகாது. ஆனால் ஒரு தடவை ஒரு கிடாய்க்குட்டி சாகப் பார்த்தது. அதற்குக் காரணம் நான்தான்.

1. பட்டாணி வந்த நாள்

அதுவரை குட்டிகளுக்குக் கடலைப் புண்ணாக்குத்தான். ஒரு மாதம் வந்த புண்ணாக்கெல்லாம் பூசணம் பிடித்திருந்தது. அது ஈரலைக் கெடுத்துவிடும், வைக்கவே கூடாது என்று பண்ணைக்கு வருகிற கால்நடை டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதலாளி பருப்பு மில்லில் இருந்து வெள்ளைப் பட்டாணி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

"ஏனுங்க, இது மனுசர் திங்கறதாச்சுங்களே" என்றேன்.

"அப்ப நீங்க சுண்டல் பண்ணிச் சாப்புடுங்கக்கா. மிச்சத்தக் குட்டிக்கு வெய்யுங்க" என்றார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

கூட வந்திருந்த டாக்டரம்மாதான் நின்று விவரம் சொன்னார். குட்டிக்குச் சதை பிடிக்கிற புரதம் பட்டாணியில் இருக்கிறது. கூடவே மாவுச்சத்தும் நிறைய இருக்கிறது. ஆட்டின் வயிற்றுக்குள் தீனியைச் செரிக்க வைக்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டு. புதுத் தீனிக்கு அவை பழக நாள் வேண்டும். அதனால் பட்டாணியை ஒன்றிரண்டாக உடைக்கணும், மாவாக்கக் கூடாது. தினமும் முதலில் காய்ந்த சோளத்தட்டு தின்னட்டும், அப்புறம் பட்டாணி. ஆரம்பத்தில் ஒரு குட்டிக்கு ஒரு கைப்பிடி. இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றணும்.

"பாசத்துல அள்ளி வெச்சுராதீங்கம்மா" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தலையாட்டினேன்.

2. ருக்மணியின் கிடாய்

பட்டி கூட்டுகிற ருக்மணி எனக்குத் தங்கச்சி மாதிரி. அவள் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தபோது, அவர் எழுந்து நடந்தால் ஒரு கிடாய் வெட்டுகிறேன் என்று எங்கள் ஊர்ச் சாமி கருப்பராயனுக்கு நேர்ந்துகொண்டாள். அவர் எழுந்து நடந்தார். எங்கள் பட்டியிலேயே ஒரு குட்டியை வாங்கி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி நேர்ந்து விட்டாள். கிடாய் வெட்டுகிற கோவில் நோம்பி வர மூன்று வாரம் இருந்தது.

எங்கள் பக்கம் நேர்ந்து விட்ட ஆட்டைக் கட்ட மாட்டோம், அடிக்க மாட்டோம். யார் காட்டில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டோம். சாமி மேய்கிறது என்று விட்டுவிடுவோம். பண்ணையிலும் அது தொட்டி தொட்டியாகப் போய் வாய் வைக்கும். மற்ற குட்டிகள் ஒதுங்கி வழி விடும்.

பட்டாணி வைக்க ஆரம்பித்த ஆறாம் நாள் காலை, நான் மூட்டையைப் பிரித்துவிட்டுத் திரும்பினால், சாமி ஆடு தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருந்தது. இழுத்து விட்டிருக்கலாம். கை வரவில்லை. "கருப்பராயா, உனக்கில்லாததா" என்று கும்பிட்டுவிட்டு அப்படியே நின்றேன். அதுவாக வாயை எடுக்கிற வரைக்கும் நின்றேன்.

3. டாக்டரம்மா கேட்ட கேள்வி

மத்தியானம் ருக்மணி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, எங் கிடாய் படுத்துக் கெடக்குதுக்கா!"

போய்ப் பார்த்தேன். இடது பக்க வயிறு உப்பிக்கொண்டு நின்றது. அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. முதலாளி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"பட்டாணி எவ்வளவு தின்னுச்சும்மா?"

ருக்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சந்தானுங்க" என்றேன்.

"அப்ப வெறும் உப்புசமா இருக்கும். நல்லெண்ணெய் கொஞ்சம் மெதுவா ஊத்துங்க."

ஊற்றினோம். அரை மணி நேரம் போயும் ஒன்றும் இறங்கவில்லை. எழுப்பி நிறுத்தினால் கால் மடங்கி விழுந்தது.

"எப்படியும் வெட்டப் போற கிடாய்தானே. வேற ஒண்ணப் புடிச்சுக்க அம்மணி" என்றார் முதலாளி. ஆறுதலாகத்தான் சொன்னார்.

"சாமிக்குன்னு சொன்னது சீக்குல போனா, எங்க வீட்டுக்காரருக்கு மறுபடியும் ஏதாச்சும் ஆயிரும்ங்க" என்று ருக்மணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நானே போன் போட்டேன். "பொய் சொல்லிப் போட்டனுங்க டாக்டரம்மா. மூட்டைக்குள்ள தலைய உட்டு வயிறு முட்டத் தின்னுச்சுங்க. நாம் பாத்துக்கிட்டே நின்னனுங்க."

"அது உப்புசம் இல்லம்மா. வயித்துல புளிப்பு ஏறிப்போச்சு. ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சு வைங்க. ஒடனே வாரேன்."

வந்து, சோடாத் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கினார். மருந்து ஏற்றினார், ஊசி போட்டார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் வந்தும் பிரயோஜனம் இல்ல" என்றார். அந்த ஒரு சொல்தான். மேற்கொண்டு திட்டவில்லை.

அவர் போன பிறகு ருக்மணி கேட்டாள். "ஏனக்கா வெரட்டல?"

"சாமி ஆடாச்சே அம்மணி."

"சாமிக்கு வயிறு நோகாதுக்கா. ஆட்டுக்கு நோகும்" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

இரண்டு நாள் வைக்கோல் மட்டும் வைத்து மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம். மூன்றாம் நாள் காலை ருக்மணி என் கையைப் பிடித்து அமுக்கினாள். கிடாயின் தாடை மெல்ல அசைந்தது. அசை போட ஆரம்பித்திருந்தது.

4. புதியவர்களுக்கு

இப்போதும் நேர்ந்து விட்ட ஆடுகள் பண்ணைக்கு வருகின்றன. மற்ற குட்டிகளுக்கு என்ன அளவோ அதே அளவுதான் அவற்றுக்கும். கூடத் தின்ன வந்தால், "போதுஞ் சாமி" என்று சொல்லிக் கழுத்தைப் பிடித்து இழுத்து விடுகிறேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உங்களுக்கும் ஒரு நாள் கை தவறும். அன்றைக்கு டாக்டர் எவ்வளவு தின்றது என்று கேட்டால், யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் அந்தக் குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.