ஊசி பாதியில்தான் இருக்கு

இதில் வரும் நேரங்கள் எதுவும் நானாகப் போட்டவை இல்லை. சிலவற்றை என் கைப்பேசியிலிருந்தும் மற்றவற்றை மருத்துவமனைச் சீட்டிலிருந்தும் பார்த்து எழுதுகிறேன். என் மகள் இந்துஜாவை நான் பறிகொடுக்க இருந்த மாலை அது. அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் எனக்கும் இடையில் ஆறடி தூரமும் திறந்து நின்ற கார் பானட்டும்தான் இருந்தன. தப்பு என்னுடையது. அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்தக் காருக்குள் அவளோடு இன்னொருவரும் இருந்தார். அதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

கார் என் தம்பி வாசுவுடையது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தான். கடந்த மார்ச்சில் ஒரு விடியற்காலை, வேலை முடிந்து வரும் வழியில் நல்ல மழை. சாலையோரம் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏர்கானைப் போட்டுக்கொண்டு கண் அசந்திருக்கிறான். 6.20க்கு வழியில் போன ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். அவன் எழுந்திருக்கவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு வயது.

காரணம் தெரிய வேண்டுமானால் உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று கெஞ்சியது நான்தான். முழு உடம்பாக அவனை எரிக்க வேண்டும், அம்மா அந்தத் தையலைப் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. போலீசுக்கும் சந்தேகம் ஏதும் இல்லை. மாரடைப்பாக இருக்கும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே தகனம் முடிந்தது.

கார் கிள்ளானில் என் வீட்டுக்கு வந்தது. அவன் போன இருபத்தொன்பதாம் நாள் அது சூடேற ஆரம்பித்தது. இரண்டு நாளில் முப்பத்தொன்றாம் நாள் படையல். சுங்கை பூலோவிலிருந்து அம்மாவை அழைத்து வர வேண்டும். வேறு வண்டி இல்லை.

அன்று வேலை முடிந்து திரும்பும்போது கவனித்தேன். கார் ஓடும்போது சூடு காட்டும் மீட்டரின் ஊசி கீழே இருந்தது. சிக்னலில் நின்றால் ஏறியது. காற்று இல்லாதபோது சூடேறுகிறது என்றால், முன்னால் இருக்கும் ஃபேன் சுற்றவில்லை என்று அர்த்தம்.

6.35க்கு வீட்டை அடைந்தேன். பின்பக்கம் வீட்டுச் சுவரை ஒட்டும்படி காரைப் போர்ச்சுக்குள் ஏற்றி, பானட்டைத் திறந்தேன். ஆவி கிளம்பியது. பக்கத்து வீட்டு பக்கிரிசாமி அண்ணன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, வண்டில டீ ஆத்துறியா?"

"ஃபேன் ஓடலண்ணே, போல."

"தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசு லா. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? என் வேன்ல கழட்டி பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"அதான் உங்க வேன் எஞ்சின் சூடே ஏறாம பெட்ரோலா குடிக்குது."

"குடிச்சா குடிக்கட்டும். என்னைய மாதிரிதானே அதுவும்." சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மழை பிடித்துக்கொண்டது.

சாரல் வயர்களில் படக்கூடாது என்று போர்ச்சின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரைகளை இறக்கிவிட்டேன். எஞ்சின் ஆறியதும், மூடியில் துணியைப் போட்டுத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். இனி எஞ்சினை ஓடவிட்டு, ஊசி பாதியைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி உள்ளே இருக்கிறது, ஃபேன் வெளியே. ஒருவரால் இரண்டையும் பார்க்க முடியாது. முன்பெல்லாம் உள்ளே வாசு உட்காருவான்.

இந்துஜாவைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். அவள் கால்கள் தொங்கின.

"எதையும் தொடாத. ஊசிய மட்டும் பாரு. கேட்டா சொல்லு."

"அப்போ ஹோம்வொர்க் கேன்சலா?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். கொசு வரும், கதவ சாத்து."

கண்ணாடிகளை ஏற்றினேன். அவள் குரல் கேட்பதற்காக ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒரு விரல் இடைவெளி விட்டேன். ஏர்கானைப் போட்டேன். எத்தனை நிமிடத்தில் சூடேறுகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா... அவளிடம் கேட்ட ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

7.08. எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

7.13. "எங்க இருக்கு இந்து?"

"கால்வாசிப்பா. அப்பா, இங்க ஏதோ நாறுது."

"பழைய வண்டி, அப்படித்தான்."

7.18. "பாதிப்பா... தூக்கம் வருது."

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

ஃபேன் அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். விர்ரென்று சுற்றியது. ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. அதை ஓடச் சொல்லும் சுவிட்சில்தான் கோளாறு. வயரை எடுத்துவிட்டு மறுபடி காத்திருந்தேன்.

7.24. "இந்து?"

மழைச் சத்தம். பிறகு...

"பாதிதான்பா."

7.28. "இப்ப?"

"பாதிதான்பா."

அதே குரல். அதே இழுப்பு. பதிவு செய்து வைத்ததைத் திரும்பப் போட்டதுபோல.

7.31. ரேடியேட்டரை ஒட்டிய தண்ணீர்ப் புட்டியில் குமிழி வந்தது. குளுக்... குளுக்... ஊசி பாதியில் இருக்கும்போது தண்ணீர் கொதிக்கக் கூடாது.

"நல்லா பாத்தியா?"

"ஊசி பாதியில்தான் இருக்கு."

மகள் என்னோடு பேசினால் பெரும்பாலும் 'பா' போட்டுத்தான் முடிப்பாள்; இதில் அது இல்லை. அதைக் கவனித்தேன். ஆனால் என் மூளை எஞ்சினுக்குள் இருந்தது. மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். அதன் வயரைத் தேடி இன்னும் குனிந்தேன்.

7.34. கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

நான் கேட்கும் முன்பே உள்ளிருந்து வந்தது.

"பாதி."

7.36. என் மனைவி புனிதா அடுப்படியிலிருந்து கத்தினாள். "என்னங்க, சாப்பிட வாங்க ரெண்டு பேரும்!"

"இதோ வரோம்மா," என்றது காருக்குள்ளிருந்து குரல்.

7.39.

எஞ்சின் உறுமியது.

யாரோ முழுதாக மிதித்ததுபோல. கார் முழுவதும் நடுங்கியது. "இந்து! கால எடு!" என்று கத்தினேன்.

உறுமல் அடங்கியது.

அப்போதுதான் உறைத்தது.

அவளுக்குக் கால் எட்டாது.

பானட்டைச் சுற்றி ஓடினேன். கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது. கையால் துடைத்தேன்.

பக்கத்து இருக்கையின் மேல் சரிந்து கிடந்தாள்.

கண்கள் மூடியிருந்தன.

வாயும் மூடியிருந்தது.

"பாதிதான்பா..."

அந்த ஒரு விரல் இடைவெளியிலிருந்து வந்தது. என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில். அவள் உதடு அசையவில்லை...

கதவைத் திறந்து அவளை வாரி எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன். அவளை எடுக்கும்போது மீட்டர் கண்ணில் பட்டது. ஊசி சிவப்பின் கடைசிக் கோட்டில் நின்றது.

பக்கிரிசாமி அண்ணன் பார்த்ததும் ஓடிப்போய் வேனை எடுத்தார். 8.02க்கு அவசரப் பிரிவில் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்தார்கள். 9.50க்கு அவள் கண் திறந்து, "தலை வலிக்குதுப்பா" என்றாள். அந்தப் 'பா'வைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவர் இளம்பெண், தமிழ்ப் பிள்ளை.

"கார்பன் மோனாக்சைடு அங்கிள். கார் புகைல வர்றது. எப்ப வரைக்கும் பேசிட்டு இருந்தா?"

"ஏழு முப்பத்தாறு. ஏழு நாப்பதுன்னும் சொல்லலாம்."

அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திரும்பப் பார்த்தார்.

"சான்ஸே இல்ல அங்கிள். இந்த அளவுக்கு, நீங்க எடுக்கறதுக்கு கால்மணி நேரம் முன்னாடியே மயங்கியிருக்கணும்."

"நானும் கேட்டேனே டாக்டர்," என்றாள் புனிதா. "வரோம்மான்னு சொன்னாளே."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதைச் சீட்டில் எழுதவில்லை.

மறுநாள் வொர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். புகைக் குழாய் துருப்பிடித்துப் பிளந்திருந்தது. அதற்கு நேர் மேலே, ஓட்டுநர் இருக்கையின் கார்ப்பெட்டுக்கு அடியில், தரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"இது ஒரு மாச துரு இல்ல பாஸ். ஆறு மாசமாச்சும் இருக்கும்."

வாசு எப்படிச் செத்தான் என்று எனக்கு அங்கே, அந்த எண்ணெய்த் தரையில் நின்றுகொண்டிருக்கும்போது தெரிந்தது. அவன் உடம்பைப் பார்க்க விட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். நான் அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருந்திருந்தால், என் மகளை அவன் செத்த இருக்கையில் உட்கார வைத்திருக்க மாட்டேன்.

காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தேன். அது நசுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எஞ்சினை மிதித்து என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது வாசுதான் என்று புனிதா சொன்னாள். சித்தப்பா பிள்ளையைக் காப்பாற்றினார் என்று வெள்ளிக்கிழமைதோறும் அவன் படத்துக்கு விளக்கேற்றினாள். நானும் கும்பிட்டேன். உள்ளிருந்து பதில் சொன்ன குரலைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்துஜாவே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கி கார்ல, கடைசில நான் பதில் சொல்லலப்பா. சித்தப்பாதான் சொன்னாரு. என் குரல்லயே பேசினாரு. எனக்கு ஒரே சிரிப்பு."

புனிதாவின் கை சோற்றிலேயே நின்றது.

"வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நீ தூங்கு, அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்னாரு. அப்புறம் கூட வரியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இப்ப ஸ்கூல் இருக்கு சித்தப்பா, லீவுல வரேன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"சரின்னாரு."

இதை எழுதும் இன்று புதன்கிழமை. வரும் வெள்ளிக்கிழமையோடு பள்ளி முடிந்து இரண்டு வாரம் விடுமுறை.