வரைபடத்தில் எட்டு மரங்கள்

போன வாரம் பேருந்துக்காக நின்றபோது எதிரே ஒரு பெரிய தட்டி. எங்கள் ஊர்ப் பிரதான சாலை இன்னும் சில வருஷத்தில் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கடைகள், பளிங்கு நடைபாதை, உயரமான மனிதர்கள். ஒருவர் கையிலும் பை இல்லை. இவர்கள் எல்லாம் கடைத்தெருவுக்கு எதற்கு வந்தார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இதே சாலையின் எதிர்காலத்தை ஒருமுறை நானும் வரைந்தவன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். தஞ்சாவூருக்குக் கிழக்கே, காவிரி கடலுக்குப் போகும் வழியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எனக்கு நகராட்சியில் வரைவாளர் வேலை. வரைபட நகல் எடுக்கும் பெட்டியிலிருந்து நாள் முழுக்க அம்மோனியா நெடி வரும். இன்றும் அந்த நெடி எங்காவது வந்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். பாதி நெடியால், பாதி இளமையால்.

அப்போதுதான் ஆட்சி மாறி, சாலைக்கு வேறொரு தலைவரின் பெயர் வைத்திருந்தார்கள். பெயருக்கேற்ற கடைகள் வேண்டாமா? இருபக்கமும் வணிக வளாகம் வரும், அளந்து வாருங்கள் என்று உத்தரவு. நாங்கள் சாப்பாட்டை முடித்து, வெற்றிலையும் போட்டு, மூன்று மணிக்குப் போய் அளந்தோம். நெல் குடோன் சுவரோரம் ஓர் ஈ, காக்கை இல்லை. ‘காலியிடம்’ என்று எழுதினேன். வெறுமையாக விட மனசில்லாமல் எட்டு மரங்களும் போட்டேன். மரம் வரைவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

படத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று நோட்டீஸ் போட்டோம். யாரும் வரமாட்டார்கள் என்பது நம்பிக்கை. மாரியம்மாள் வந்தார். தரங்கம்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் மீனை அந்தக் குடோன் சுவரோரம் வைத்து விற்கும் எட்டுப் பெண்களில் ஒருவர். எட்டுப் பேரும் முன்பு நடவு வேலைக்காரர்கள். கூலி உயர்வு கேட்ட வருஷம் மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவர, இவர்கள் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டு ஒருவரையும் வயலில் இறங்க விடவில்லையாம். கூலி உயர்ந்தது. இவர்களை மட்டும் அதன்பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மீன் கூடையைத் தூக்கினார்கள்.

படத்தைச் சற்று நேரம் பார்த்தவர், “இதுல நாங்க எங்க சார்?” என்றார்.

“அங்க மரம் வருதும்மா.”

“மரம் மீன் விக்குமா?”

நாங்கள் போனபோது ஆளே இல்லை என்று விளக்கினேன்.

“பத்து மணிக்கெல்லாம் வித்துட்டுப் போயிருவோம் சார். மூணு மணிக்கு வந்து பாத்தா உங்க ஆபீஸ்லகூடத்தான் ஆளிருக்காது.”

பக்கத்து மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.

ஆட்சேபத்தை எழுதி வாங்கி மேலே அனுப்பினேன். ஆணையர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். எத்தனை மணிக்கு? மூன்று மணிக்குத்தான். ஆபீஸ் வழக்கத்தை அவரால் மட்டும் மாற்ற முடியுமா?

பங்குனி வெயில். அவர் வரவிருந்த அன்று காலை போய்ப் பார்த்தால் எட்டுக் கூடைகளும் ஈரச் சாக்கு போர்த்தியபடி அப்படியே இருக்கின்றன. வாடிக்கைக்காரர்கள் வைதுகொண்டே திரும்பிப் போகிறார்கள். மீன் மத்தியானம்வரைகூடத் தாங்காது, விற்றுவிடுங்கள், ஆணையரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். என் சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு என்பது மாரியம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

“வித்துட்டா நாங்க இல்லாமப் போயிருவோம் சார்.”

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. மீன் வாசனை தெருமுனைக்கே போய் அதை எதிர்கொண்டது. ஆணையர் மூக்கில் கைக்குட்டையோடு கூடைகளை எண்ணினார். படத்தில் மரங்களை எண்ணினார். இரண்டும் எட்டு. அந்த மட்டில் என் வரைபடம் சரி.

“யாருய்யா வரைஞ்சது?”

நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

“மாத்து” என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

அந்த எட்டுப் பேரும் அன்று சிரித்த சிரிப்பை எந்தத் தேர்தல் வெற்றியிலும் நான் கேட்டதில்லை. அன்றைய மீன் முழுக்கத் தென்னைக்கு உரமாகப் போனது. நான் அரை பிளேடை எடுத்து மரங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். உத்தியோகத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான், அதுவும் அழித்தது. அடுத்த வருஷம் எட்டுச் சிமெண்டு மேடைகள் எழுந்தன. முதல் நாள் ஏறி உட்கார்ந்த மாரியம்மாள், “ரொம்ப உசரமா கட்டிட்டீங்க” என்றார். குறை சொல்வதாக எனக்குப் படவில்லை.

மாரியம்மாள் இப்போது இல்லை. குடோனும் போய்விட்டது. அந்தச் சாலையில் மறைந்துபோனது இன்னொன்றும் உண்டு. காரைவிட்டு இறங்காமலே, “ஏ, அந்தக் கூடையக் கொண்டா” என்று கூப்பிடுவார்களே, அந்தக் குரல். மேடை வந்தபிறகு கூடையோடு யாரும் கீழே இறங்கிப் போகவில்லை; வேண்டியவர்கள்தான் காரைவிட்டு இறங்கி வந்து, எதிரே நின்று, முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. பெரிய பெரிய வேட்டிகள்கூட ஒரே வாரத்தில் “என்ன விலைங்க?” என்று பழகிக்கொண்டன. பழைய குரலை அப்புறம் அங்கே நான் கேட்டதே இல்லை.