முகில் என்றொரு பிள்ளை

தாயாரம்மாளை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும், பாசமெல்லாம் அப்புறம். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். பல்லாவரத்தில் ரயில்வே லைனை ஒட்டியிருந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் கிளார்க், அவள் ஆயா. மொத்தமே பன்னிரண்டு கட்டில். அந்தப் பன்னிரண்டு கட்டிலுக்கு நடுவே அவள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் செங்கல்பட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பாள். விசிறிக்கொண்டே நடப்பாள், சாப்பிட்டுக்கொண்டே நடப்பாள். "கொஞ்சம் உக்காரேன்டி, எனக்குத் தலை சுத்துது" என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்.

1984இல் வேலைக்கு வந்தாள். அனகாபுத்தூரிலிருந்து பஸ். வந்த முதல் வாரமே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, பேரு வெக்காத புள்ளைங்கள இன்னான்னு எழுதுவீங்க?"

"அம்மா பேரைப் போட்டு, இன்னாரோட குழந்தைன்னு எழுதுவோம். ஏன்?"

"அதெல்லாம் ஒரு பேராக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வேலைக்கு வந்து எட்டு நாள் ஆகவில்லை, திமிரைப் பாரு என்று நினைத்துக்கொண்டேன். காரணம் தெரிந்தபோது என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கே ஒரு பிரசவம் நடந்திருந்தது. வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. புருஷன் அப்பாதுரை தாம்பரம் ரயில்வே ஷெட்டில் கலாசி, பளு தூக்குகிற வேலை. ஏதோ ஒரு பொதுக்கூட்டத்தில் மேடையிலிருந்தவர் யாருடைய குழந்தைக்கோ முகில் என்று பேர் வைத்ததைக் கேட்டுவிட்டு வந்தவன், அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான். பையன் பிறந்தாலும் முகில், பெண் பிறந்தாலும் முகில். யார் வந்தாலும் பேர் தயார். ஷெட்டிலிருந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு, அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து "இன்னா முகிலு, சாப்டாச்சா?" என்று கேட்பானாம். உள்ளேயிருந்து ஒரு உதை வருமாம்.

பத்தாம் மாதம் அந்த உதை நின்றுபோனது. அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பெற்றவள் பார்த்தால் மறக்க மாட்டாள் என்று அவள் மாமியார் சொல்ல, அப்பாதுரையின் சித்தப்பா அடையாற்றங்கரையில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். அப்பாதுரைகூட அந்தத் துணியைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டையும் எரித்துவிட்டார்கள். பையனா பெண்ணா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அப்பாதுரையிடம் கேட்டால் "போனது போச்சு, வுடு" என்பான். விவரம் தெரிந்த அந்தச் சித்தப்பாவும் அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

"பையன்னும் நெனைக்க முடியல, பொண்ணுன்னும் நெனைக்க முடியலக்கா. முகிலுன்னு நெனைக்கலாம். அது ஒண்ணுதான் கீது எங்கிட்ட" என்றாள். "யாராச்சும் ஒரு புள்ள அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்கணும். அவ்ளோதான் எனக்கு."

அன்றிலிருந்து அவள் ஆசை என்னுடைய தலைவலியும் ஆகிவிட்டது. வருகிற பிரசவக்காரி ஒருத்தியையும் விடமாட்டாள். வலி நின்று ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள், "பேரு யோசிச்சாச்சா? முகிலுன்னு வெய்யேன்" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அந்தக் காலத்தில் அந்தப் பேர் எங்கள் பக்கம் அபூர்வம். எல்லம்மா என்று ஒருத்தி, பம்மலில் குடியிருந்தவள், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். தாயாரம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாள் எல்லம்மாவின் மாமியார் வந்து, "மேகமாமே! அது நிக்குமா? காத்தடிச்சாக் கலைஞ்சிடும். அந்தப் பேரா புள்ளைக்கு?" என்று ஒரு போடு போட்டாள்.

"கலைஞ்சா இன்னாம்மா? மழையா வருதில்ல!" என்று தாயாரம்மாள் எகிறினாள். ஒன்றும் நடக்கவில்லை. நூர் பீவி, "எங்கூட்ல பள்ளிவாசல் ஹஜ்ரத்துதான்க்கா பேரு வெப்பாரு, கோச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். யேசுதாசன் என்ற வாத்தியார், "பையன் பேருன்னா பையன் பேரா இருக்கணும்மா. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ பிள்ளைங்க சிரிக்கும்" என்று வகுப்பே எடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுண்டிப்போகும். அரை மணி நேரத்தில் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள்.

வெளியே ஒருத்தரும் வைக்கவில்லை என்றதும் வார்டுக்குள்ளேயே ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போகிற வரைக்கும் எல்லாக் குழந்தையும் முகில். "முகிலு பால் குடிச்சிட்டுது." "முகிலுக்கு இன்னும் மோஷன் போவல." கேட்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பழகிப்போனார்கள். கடைசியில் நர்ஸுகளுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. அதில்தான் வந்தது வினை. 1989இல் ஒருநாள், மஞ்சள் காமாலை இருந்த குழந்தையை வெயிலில் காட்டச் சொல்லி, புதிதாக வந்த நர்ஸிடம் "முகில வெளிய எடுத்துட்டுப் போ" என்று யாரோ சொல்ல, அவள் நன்றாக இருந்த இன்னொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டில் காலியாக இருப்பதைப் பார்த்த அந்தக் குழந்தையின் தாய் போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரை கேட்டது.

எங்கள் டாக்டரம்மா அபிதகுஜாம்பாள் கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இன்னொரு தடவை அந்தப் பேர் உன் வாயில வந்தா வேலையை விட்டு நின்னுடு" என்றார்கள். தாயாரம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு அவள் மேலும் கோபம், டாக்டரம்மா மேலும் கோபம். அன்றோடு சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது உதடு மட்டும் அசையும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அப்புறம் காலம் எப்படியோ மாறியது. எலக்ட்ரிக் டிரெயினில் குழந்தைப் பேர்ப் புத்தகம் விற்க ஆரம்பித்தார்கள். சீப்பு, சேஃப்டி பின் விற்கிறவர்களோடு அதுவும் வரும். நான் ஒன்று வாங்கிக்கொண்டு போய்த் தாயாரம்மாளிடம் கொடுத்தேன். விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆண் பேர்ப் பக்கத்திலும் முகில் இருந்தது, பெண் பேர்ப் பக்கத்திலும் முகில் இருந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று எல்லாரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள்.

1993 வாக்கில் எங்கள் ஆஸ்பத்திரியிலும் கேட்காமலே வைக்க ஆரம்பித்தார்கள். குரோம்பேட்டையில் ஒரு பாங்க் ஆபீசர் மகளுக்கு, சேலையூரில் ஒரு லெக்சரர் பையனுக்கு. ஒரே மாதத்தில் மூன்று முகில் என் கையால் எழுதினேன். "சந்தோஷம்தானே? இனிமேலாவது கொஞ்சம் உக்காரு" என்றேன்.

உட்காரவில்லை. முன்னைவிட மோசம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் யாரோ ஒரு அம்மா "டேய் முகிலு!" என்று கூப்பிட்டிருக்கிறாள். இவள் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாளாம். நாலு வயசுப் பையன். இன்னொரு நாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு சின்னப் பெண். மறுநாள் என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டும் திரும்பிப் பாத்துதுக்கா. ரெண்டும் என்னுது இல்ல" என்றாள்.

"ஒன்னைத் திருத்தவே முடியாதுடி" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன்.

அடுத்த வருஷம், முப்பத்திரண்டு வயசில், அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஒன்பது மாதமும் எங்கள் உயிரை வாங்கினாள். மணிக்கொரு தரம் டாக்டரம்மாவிடம் போய், "அசையுதா பாருங்கம்மா" என்பாள். ஒரு புதன்கிழமை மத்தியானம், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. நல்ல கறுப்பு, நல்ல எடை. அது அழுத அழுகையைக் கேட்டு நானே சாமி கும்பிட்டேன்.

அப்பாதுரை யூனிஃபார்மோடு ஓடிவந்தான். பை நிறைய சாக்லேட். "முகிலு வந்துட்டா சார், முகிலு வந்துட்டா" என்று வாசல் வாட்ச்மேன் வரை கொடுத்தான். டாக்டரம்மாவே சிரித்துக்கொண்டு, "இப்ப சொல்லு, எவ்வளவு சத்தமா வேணும்னாலும் சொல்லு" என்றார்கள். எனக்கும் பொறுக்கவில்லை. பிறப்புப் படிவத்தை எடுத்து, பேர் என்ற இடத்தில் யாரையும் கேட்காமல் என் நல்ல கையெழுத்தில் முகில் என்று எழுதி, மை காய்வதற்குள் கொண்டுபோய் நீட்டினேன்.

தாயாரம்மாள் அதை விரல் வைத்துப் படித்தாள். "இன்னாக்கா இது? அடிச்சிடுங்க" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்டி, பத்து வருஷமா என் உயிரை எடுத்தியே, இந்தப் பேருக்குத்தானே? இப்ப அடிக்கச் சொல்றியா?"

"ஒரு வூட்ல ரெண்டு புள்ளைக்கு ஒரே பேரு வெப்பாங்களாக்கா?" என்றாள். "முகிலு மூத்தது. இது வேற. இதுக்கு இன்னும் யோசிக்கல."

அப்பாதுரை சாக்லேட் பையைப் பிடித்தபடி நின்றான். அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். பேர் இடத்தைக் காலியாக விட்டேன். அதற்குக் கீழே, தாய்க்கு இது எத்தனையாவது குழந்தை என்று ஒரு கேள்வி. அங்கே பேனா நின்றுவிட்டது. விதிப்படி உயிரோடு பிறந்ததை மட்டும்தான் எண்ண வேண்டும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அப்பாதுரை எட்டிப் பார்த்தான். எதற்காக நான் நிற்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

"ரெண்டாவதுன்னு எழுதுங்கக்கா. மூத்தது முகிலு."

போன பிள்ளையை அவன் பேர் சொல்லிப் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தாயாரம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். விதியாவது மண்ணாவது, இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.