சுண்ணாம்புத் தொட்டிக்குள் ஒரு கயிறு

எட்டாவதோடு படிப்பு நின்றது. தியாகராய நகரில் துணிக்கடை, நங்கநல்லூரில் மெஸ், இன்னும் சில இடங்கள். எதிலும் நான் தங்கவில்லை. அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் சுத்திகரிப்பு அறையில் வேலை கிடைத்தது. படுக்கவும் அங்கேயே இடம் இருந்ததால் சேர்ந்தேன்.

அங்கே போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம். அதற்குச் சுண்ணாம்புத் தூள் போட ஒரு ஃபீடர் உண்டு. மேலே புனல் மாதிரி தொட்டி. அடியில் மோட்டாரில் சுழலும் திருகு தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தண்ணீரில் விழவைக்கும். தூள் விழாவிட்டால் குழாயில் தண்ணீர் பழுப்பாக வரும்.

அதைப் பார்த்துக்கொண்டவரை நான் அண்ணன் என்பேன். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவர். முதல் பஸ்ஸில் வருவார். மோட்டார் அடிக்கடி படுத்துவிடும் என்பதால், தொட்டியின் வாய்க்கு நேர் மேலே அமாவாசைதோறும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் சில நாட்கள் தண்ணீர் பழுப்பாகவே வந்தது. குடியிருப்புச் செயலாளர் கீழே இறங்கி வந்தார்.

"எங்காத்து வேஷ்டியெல்லாம் டீ கலராயிடுத்து. நாளைக்கும் இப்படித்தான்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"மோட்டார் ஓடிக்கினுதான் கீது நைனா. பவுடர்தான் விழல" என்றார் அண்ணன் என்னிடம்.

மோட்டாரை நிறுத்தித் தூளை அள்ளினோம். கண்ணும் மூக்கும் எரிந்தன. அடியில் கை விட்டு அவர் இழுத்தபோது திருகில் சுற்றியிருந்த கயிறு வந்தது. கூடவே வெள்ளை பூத்த மிளகாய்கள், நசுங்கிய பழத்தோல், அதைச் சுற்றி இறுகிய சுண்ணாம்புக் கட்டி.

"பழசு காணோமேன்னு போன அமாவாசைக்கே பாத்தேன். காக்கா தூக்கினு பூட்சின்னு வுட்டேன்."

"நல்ல காக்காண்ணா. மொத்த பிளாட்டுக்கும் ஊறுகா போட்டுக் குடுத்திருக்கு."

"சிரிக்காத. வேலை பூட்சின்னா நீயா சோறு போடுவ?"

சாயந்திரம் செயலாளர் வந்து என்ன கோளாறு என்று கேட்டார்.

"கயிறு சார். திருகுல சுத்திக்கிச்சு" என்றார் அண்ணன்.

"சுண்ணாம்பு மூட்டை தைச்ச கயிறா? பிரிக்கறச்சே பாத்துப் பிரிக்கப்படாதோ?"

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "இனிமே பாத்துக்கறேன் சார்" என்றார்.

செயலாளர் குழாயைத் திறந்து ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து விளக்கடியில் தூக்கிப் பார்த்தார். தெளிந்திருந்தது. வேறு ஆள் பேச்சை எடுக்காமல் மேலே போய்விட்டார்.

மறுநாள் மூட்டை வெட்டுவதற்கென்று புதுக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கி அனுப்பினார். அண்ணன் அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். மூட்டைகளை வழக்கம்போல் கையால்தான் பிரித்தார்.