குன்னூர்ச் சித்தி சுட்ட ஸ்கோன்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். காலையில் பூசிய திருநீறு இரவு வரை கலையாத மனிதர். முட்டை என்ற சொல்லே அவர் காதில் விழக்கூடாது. கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய முட்டையைக்கூட அம்மா அவரிடம் ‘சைபர்’ என்றுதான் சொன்னாள்.

சித்தப்பா குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் செய்துகொண்டார். வேறு சாதிப் பெண். அதிலிருந்து பெரியப்பா தம்பியின் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா நடுவில் நின்று பேசிப் பேசிக் கரைத்ததில், நான் மூன்றாவது படிக்கிறபோது ஓர் ஆடி மாதத்தில் இருவரும் வந்து இறங்கினார்கள். பெரியப்பா ‘வா’ என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். சித்தியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் வைத்த காப்பி வைத்த இடத்திலேயே ஆறும். பிறகு அம்மா வேறு போட்டுக்கொண்டு போவாள்.

சித்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலக் காப்பியில் பெரியப்பா ரஸ்க் தோய்த்துத் தின்பதையும் பார்த்திருக்கிறாள். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நான் ஸ்கோன் செய்யட்டுமா? எங்க ஊர்ல டீயோட சாப்பிடுவாங்க. உள்ள பழம் போட்டு பன் மாதிரி இருக்கும்.”

“கோனா? செய்யேன். ஆனா பெரியவுகளுக்கு யாரு சுட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன், பாத்துக்கோ” என்றாள் அம்மா.

மைதாவும் சோடா உப்பும் கடையிலிருந்து வந்தன. வெண்ணெய் வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் கடையநல்லூர்க் கூட்டாளி ஒருவர் துபாயிலிருந்து வந்ததென்று கொடுத்த பேரீச்சம்பழம் டப்பாவில் கிடந்தது. சித்தி அதைப் பொடியாக நறுக்கினாள், உலர்ந்த திராட்சையோடு கலந்தாள். அளவு பார்க்கும் கப்பை எடுக்கத் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஒரு கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து வெள்ளையாக, வழவழவென்று ஒரு முட்டை தலை நீட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றும் பார்க்காதவள்போல நகர்ந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சித்தியை எனக்குப் பிடிக்கும். அவள் மாவு பிசைகிற நேரத்தில் சுள்ளி பொறுக்கி வரச் சொல்லி அம்மா என்னைப் புறவாசலுக்கு அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தபோது மாவு தயாராக இருந்தது. அதற்குள் என்ன போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அடுப்பில் வெண்கலப் பானை. அதற்குள் மணல், மணல்மேல் தட்டு, மூடியின்மேல் கங்கு. டம்ளர் வாயால் வெட்டிய வட்டங்களைத் தட்டில் அடுக்கினாள். ஆடிக் காற்று அடுப்பை ஊதிவிட்டதில் முதல் ஈடு அடியில் கருகிப்போனது. சித்தியின் முகம் வாடிவிட்டது. “போனாப் போவுது, காக்காய்க்கு வைப்போம். அடுத்தது போடு” என்று அம்மா முறத்தைப் பிடித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது ஈடு பொன்னிறமாக உப்பி வந்தது. வீடு முழுக்க வெண்ணெய் மணம்.

சாயங்காலக் காப்பியோடு அம்மா கொண்டுபோய் வைத்தாள். பெரியப்பா ஒன்றைக் கடித்தார், மென்றார். “புதுசா இருக்கே” என்று இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். அவர் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் நானும் எச்சில் விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு அத்தை வந்தாள். “கமகமன்னு வருதே, கேக்கா? முட்டை அடிச்சு ஊத்தாம இப்படி உப்பாதே!”

பெரியப்பாவின் கை பாதி வழியில் நின்றது.

“முட்டையெல்லாம் இல்ல. மோரு ஊத்தித்தான் பிசைஞ்சா” என்றாள் அம்மா. ‘பிசைஞ்சா’ என்றதில் யார் பிசைந்தது என்பதும் வெளியே வந்துவிட்டது.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, காலைலேருந்து அவகூடத்தான கெடந்த? பயப்படாமச் சொல்லு. முட்டை ஊத்துனாளா?”

“ஊத்துனதப் பாக்கல பெரியப்பா.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்ததும் மிச்சமும் வந்துவிட்டது. “சித்தி பெட்டிக்குள்ள ஒரு முட்டை இருந்துச்சு.”

வாய் கொப்பளிக்கப் பெரியப்பா எழுந்துவிட்டார். சித்தி ஒரு கணம் விளங்காமல் விழித்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்க் காலுறையோடு அந்த முட்டையைக் கொண்டுவந்து அவர் எதிரே நீட்டினாள்.

பெரியப்பா தொடத் தயங்கினார். பிறகு இரண்டு விரலால் எடுத்துத் தூணில் தட்டினார். டொக் என்றது. வெள்ளைச் சாயம் அடித்த மரக்கட்டை.

“இது எதுக்கும்மா?” என்றார். சித்தியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“காலுறை கிழிஞ்சா இத உள்ள விட்டுத்தான் தைப்போம், அண்ணாச்சி. துணி சுருங்காம நிக்கும்.”

அம்மா குபீரென்று சிரித்துவிட்டாள். எதிர்வீட்டு அத்தை, அடுப்பில் பால் இருக்கிறதென்று கிளம்பினாள். நான் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டதில் விக்கலே வந்துவிட்டது. பெரியப்பா மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கினார். “காப்பி ஆறிட்டு. வேற போட்டுட்டு வாம்மா” என்று சித்தியிடமே டம்ளரை நீட்டினார்.

வேலையாகப் புளியங்குடிக்குப் போயிருந்த சித்தப்பா இருட்டும் நேரத்தில் திரும்பி, காலையில் எந்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா குறுக்கே புகுந்தார். “என்ன அவசரம்? தபசுத் திருநாள் பாத்துட்டுப் போங்க.” இன்னும் நிறைய ஸ்கோன் தின்னத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஆடித் தபசு அன்று ரத வீதியில் நிற்க இடமில்லை. பெரியப்பா சித்தியை முன்னால் விட்டு, நெரிசல் படாமல் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். சொந்தக்காரர் ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது யாரு அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“நம்ம வீட்டுப் பிள்ளை வே” என்றார் பெரியப்பா.

எனக்குப் பெரிய ஏமாற்றம். குன்னூரிலிருந்து வந்தவள், பானைக்குள் மணல் போட்டு ஸ்கோன் சுடத் தெரிந்தவள் என்று எவ்வளவு சொல்லியிருக்கலாம்! இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாரே என்று சித்தியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே வருத்தம்தான் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.