நாக்கைப் பணயம் வைத்த சப்ஸல்

எங்கள் மக்ரான் கரையில் மழை பொய்த்து ஆடுகள் செத்து விழுந்தபோது, சப்ஸல் அப்பாவின் பழைய துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாய்மரக் கப்பல் ஏறினான். ஜான்சிபார் சுல்தானிடம் கூலிப்படைக்காரனாகச் சேர்ந்தான். அரபியில் திட்டினால் அவனுக்குப் புரியாது. சோறு போட்டால் புரியும். துணிச்சல்காரன், குறி தவறாதவன். ஒரே குறை, வாய்.

பலூச்சிகளாகிய எங்களில் இருவர் எங்கே சந்தித்தாலும் முதலில் ‘ஹால்’ கேட்க வேண்டும், சொல்லவும் வேண்டும். வந்த வழி, பார்க்கிற வேலை, கடைசியில் வீட்டுச் செய்தி. ஒன்றையும் மறைக்கக் கூடாது, பொய் கலக்கக் கூடாது. மற்றவர்கள் சட்டென்று முடித்துவிடுவார்கள். சப்ஸல் ஆரம்பித்தால் காபி ஆறி ஏடு கட்டிவிடும்.

அந்த வருடம் கரையோரச் சிற்றரசன் ஒருவன் சுல்தானை எதிர்த்துக்கொண்டு கோட்டைக்குள் உட்கார்ந்துவிட்டான். அவன் கூலிக்குப் பிடித்திருந்ததும் பலூச்சிகளைத்தான். அவர்களில் ஒருவன் மீர்தோஸ்த், சப்ஸலின் அக்கா புருஷன்.

“நாளைக் காலை கடல் வற்றும்போது உப்பங்கழி வழியாக நுழைகிறோம். வெளியே சொன்னவன் நாக்கை அறுப்பேன்” என்றார் அரபுத் தளபதி. எங்கள் பலூச்சிப் படைக்குத் தலைவரான ஜமேதார் ஷாபேக் அதை பலூச்சியில் சொன்னார், சப்ஸலை முறைத்தபடியே.

மதியம் சப்ஸல் தண்ணீர் எடுக்கப் போனான். கிணற்றடி மாமரத்தின் கீழே, கோட்டைக்குத் தண்ணீர் எடுக்க வந்த மீர்தோஸ்த்! இருவரும் துப்பாக்கியைத் தூக்கினார்கள். முகம் தெரிந்ததும் மரத்தில் சாய்த்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“என்ன மச்சான், மீசை எலி கடிச்ச கயிறு மாதிரி ஆயிருச்சு?”

“முதல்ல உன் தொப்பையைப் பாருடா. சரி, ஹால் சொல்லு.”

சப்ஸல் மாட்டிக்கொண்டான். சொன்னால் நாக்கு போகும். சொல்லாவிட்டால் ஹாலை மறைத்தவன் என்று மக்ரான் வரை பேர் நாறும். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? கப்பலில் எடுத்த வாந்தியில் ஆரம்பித்து முடிந்த மட்டும் இழுத்துப் பார்த்தான். எவ்வளவு இழுத்தாலும் வேலைப் பேச்சு வந்துதானே தீரும்?

“நாளைக்குக் காலையில… கழி வழியா உள்ள வர்றோம் மச்சான்.”

மீர்தோஸ்தின் முகம் வெளுத்தது. “இப்ப என் ஹாலைக் கேளு. கழி வாசல்ல பீரங்கி நிக்குது. வாய் நிறைய ஆணி. அதுக்குத் தீ வைக்கிறவன் நான்தான்டா!”

சப்ஸல் குடத்தைப் போட்டுவிட்டு, துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினான்.

கூடாரத்தில் ஷாபேக் பிடித்து நிறுத்தினார். “என்னடா, பேயப் பாத்தியா? ஹால் சொல்லு.”

அவரும் ஹால் கேட்டுவிட்டாரே! சப்ஸல் எல்லாவற்றையும் கொட்டினான். ஷாபேக் தலையில் அடித்துக்கொண்டார். “உன் வாய்ல மண்ணைப் போட! ஆணின்னு அவன் சொன்னது நிஜமா?”

“ஹால்ல சொன்னான் ஜமேதார்.”

அதற்கு மேல் சாட்சி எதற்கு? ஷாபேக் தளபதியிடம் மூச்சு விடாமல், எங்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மாமரத்துக்குப் போனார். அங்கே கோட்டைப் பலூச்சிகள் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்! மீர்தோஸ்திடமும் அவனுடைய ஜமேதார் ஹால் கேட்டிருந்தாரே. யாரோ இருவர் சண்டைக்காக எவன் மச்சான்மேல் எவன் ஆணியைச் சுடுவது? கோட்டைப் பலூச்சிகள் காவலை விட்டுவிடுவதென்று பொழுது சாய்வதற்குள் பேசி முடித்தார்கள். காவலுக்கு ஆளில்லாத சிற்றரசன் பின்வாசல் வழியாகப் படகேறி ஓடிவிட்டான். ஒரு குண்டுகூட வெடிக்காமல் கோட்டை விழுந்தது!

எல்லாம் சப்ஸலால்தான் என்று மட்டும் கேள்விப்பட்டுத் தளபதி வந்து வாயைப் பிளந்தார். “இவன் என்ன செய்தான்? கேள்.”

“ரகசியம் பூரா சொல்லிட்டேன்னே சொல்லிருங்க ஜமேதார்” என்று சப்ஸல் முனகினான்.

“சுல்தானின் பெருமையை எடுத்துச் சொன்னானாம். கேட்டதும் கோட்டைக்காரர்கள் பயந்துவிட்டார்களாம்” என்று அரபியில் சொன்னார் ஷாபேக். தளபதி பூரித்துப்போய்த் தன் குத்துவாளைக் கழற்றி நீட்டினார். சப்ஸல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததால், ஜமேதாரே வாங்கி அவன் இடுப்பில் செருகினார். சாகும் வரை அது அந்த இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

கழி வாசலில் மீர்தோஸ்த் காத்திருந்தான். “ஹாலைப் பாதியில விட்டுட்டு ஓடுனியே, வீட்டுச் செய்தி என்னடா?”

சப்ஸல் வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாக முடித்தான்.

“ஊர்லேர்ந்து சேதி வந்துச்சு, அக்காவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு மச்சான். என் சாடையாம்.”

மீர்தோஸ்த் ஆணி அடைத்த அந்தப் பீரங்கிமேலேயே உட்கார்ந்து, ஓவென்று அழுதான்.