பிரேக்குக்குத் தறி எண்ணெய்

எங்கள் பழைய காரை எடைக்குப் போட்டுவிடச் சொல்லாத உறவினர் இல்லை. போட மாட்டேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, சீல் உடைக்காத புது டப்பா வாங்கி, அந்த வண்டிக்கு எந்த வகை சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்றுகிறேன். மாற்றிய தேதியைப் பானெட்டின் உள்பக்கம் பெயிண்டால் எழுதிவைக்கிறேன். மிச்சத்தை எடுத்துவைப்பதில்லை. திறந்த டப்பா காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதிக்கும். அப்புறம் பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதித்தது போலத்தான். இதற்குச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இந்தப் பிடிவாதம் தொடங்கிய நாளை என்னால் சொல்ல முடியும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டின் தை மாதம், வளர்பிறை. ஞாயிற்றுக்கிழமை என்பதில் சந்தேகமே இல்லை. தறிகள் ஓடவில்லை, அதனால்தான் முற்றத்தில் பேசியதெல்லாம் எல்லோர் காதிலும் விழுந்தது.

சோமனூரில் பெரியப்பாவும் அப்பாவும் கூட்டாக விசைத்தறி போட்டிருந்தார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு, நடுவில் தறிக்கூடம். இந்தக் காரின் சாவி தறிக்கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். பெரியப்பா எடுப்பார், அவர் ஊரில் இல்லாவிட்டால் அப்பா எடுப்பார். அம்மாவுக்குப் பின் சீட்டு.

அன்று வால்பாறையில் அத்தை மகளுக்குச் சீர். தாய்மாமன் தட்டு வந்தால்தான் சடங்கு தொடங்கும். தாய்மாமன்கள் இருவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். நேரத்துக்குப் போகாவிட்டால் புகுந்த வீட்டில் அத்தை தலைகுனிய வேண்டும்.

பெரியப்பாவுக்கு உலகத்தில் ஒரே எண்ணெய்தான், தறிக்கு ஊற்றுகிற எண்ணெய். தையல் மெஷினுக்கும் கேட் கீலுக்கும் அதுவே போகும். முழங்கால் வலிக்கும் அதைத்தான் தேய்த்துக்கொண்டார். வலி குறைந்துவிட்டதாகவும் சொன்னார். முந்தின நாள் மாலை பிரேக் ஆயில் குறைந்திருப்பதைப் பார்த்தவர், கைக்கெட்டிய தறி எண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டார்.

காலையில் தட்டுகளெல்லாம் டிக்கியில் ஏறியாயிற்று. புதுப் பாவாடையோடு நான் முன் சீட்டில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். காருக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போன அம்மா, பானெட்டின் விளிம்பில் எண்ணெய் விரல் பட்ட தடத்தைப் பார்த்து நின்றாள். பானெட்டைத் தூக்கிப் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினாள். உள்ளே இரண்டு எண்ணெயும் ஒட்டாமல் மேலும் கீழுமாக நின்றிருந்தன.

"மாமா, பிரேக்குக்கு என்னத்தை ஊத்துனீங்க?"

"தறி ஆயிலுதான். கொறஞ்சு கெடந்துச்சு, ஊத்திப்போட்டேன்."

அந்த எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பரெல்லாம் ஊறி உப்பிவிடும், மலையில் பிரேக் பிடிக்காமல் போகலாம், பிடித்தால் விடாமலும் போகலாம் என்று அம்மா நிதானமாகச் சொன்னாள்.

"ஏம்மணி, எண்ணெய்ல என்ன சாதி பாக்கறே? நான் பாக்காத வால்பாறையா?"

அப்பா பானெட்டை மூடினார். பிறகு திறந்தார். வேறெதுவும் செய்ததாக நினைவில்லை. அம்மா என் பக்கமாகக் கையை நீட்டி, வண்டியில் செருகியிருந்த சாவியை உருவி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இந்த வண்டியில நானும் ஏற மாட்டனுங்க மாமா, எம் புள்ளையும் ஏறாதுங்க. நீங்களும் ஏறக் கூடாதுங்க."

"எங்கூட்டுக் காரை எடுக்கக் கூடாதுங்கறதுக்கு நீ யாரு?"

"இது எங்கப்பா குடுத்த காருங்க. எனக்குக் குடுத்ததுங்க."

பெரியம்மா வாசலுக்கு வந்து, உடனே உள்ளே போய்விட்டார். எனக்கு அம்மாவின் மேல் அடங்காத ஆத்திரம். ஒரு கை எண்ணெய்க்காக என் ஜன்னலோரத்தைப் பறிக்கிறாளே என்று.

தாய்மாமன் சீர் டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போனது. அங்கிருந்து வேறு பஸ். வாழைத்தாரை இறக்கிவைக்கச் சொன்ன கண்டக்டருக்கு அம்மா காது கொடுக்கவில்லை. பட்டுப்புடவைத் தட்டை மடியிலிருந்து எடுக்காமலே நாற்பது கொண்டை ஊசி வளைவையும் கடந்தாள். பெரியப்பா முன் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். முகூர்த்தம் முடியும் தறுவாயில் போய்ச் சேர்ந்தோம். அழுத கண்ணோடு அத்தை ஓடிவந்து தட்டை வாங்கினார். அத்தையின் மாமியார் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்னுங்க, காரை வித்துப்போட்டீங்களா?"

"இல்லீங்க," என்றாள் அம்மா. "காரும் இருக்குதுங்க, நாங்களும் இருக்கறமுங்க."

மறுநாள் மெக்கானிக் வந்து பிரித்தபோது ரப்பர்கள் உப்பித்தான் இருந்தன. எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, புது ஆயில் ஊற்ற வேண்டியதாயிற்று. பழைய ரப்பர் தன்னால் உப்பியிருக்கும் என்றார் பெரியப்பா. இன்றும் அதையேதான் சொல்கிறார்.

சாவி மட்டும் தறிக்கூடத்து ஆணிக்குத் திரும்பவில்லை. எங்கள் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் இருந்தது. தன் கல்யாணத்துக்கு முன் பிறந்த வீட்டில் அந்தக் காரை ஓட்டியதும் அதற்கு ஆயில் பார்த்ததும் அம்மாதான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

பங்குனியில் ஒரு காலை, பெரியப்பா அவசரமாகத் திருப்பூர் போக வேண்டியிருந்தது. எங்கள் சமையலறை வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார். "அம்மணி, சாவி வேணும்" என்றார். அம்மா பாத்திரத்தைக் கழுவி முடித்தாள். கையைத் துடைத்தாள். பிறகுதான் ஜாடிக்குப் பின்னால் கைவிட்டாள். அத்தனை பெரிய மனிதர் ஒரு சாவிக்காக வெறுங்காலோடு காத்து நிற்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மறுபடி யாரும் தறி எண்ணெய் ஊற்றிவிடக் கூடாது என்றுதான் அம்மா சாவியை ஒளித்துவைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.